ஆடிப் பெருக்கன்று போட்ட கோடு

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கிராஃப் தாள் கிடக்கிறது. ஓரமெல்லாம் பழுப்பேறிய தாள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலையை நோக்கி ஒரு கோடு சரிந்து இறங்குகிறது. கோட்டின் மேல் ஆறு புள்ளிகள், ஒன்றுகூட விலகாமல் உட்கார்ந்திருக்கின்றன. தாளின் தலைப்பில் ஒரு குங்குமப் பொட்டு. தண்ணீர் சாம்பிள் கொடுக்க வருகிறவர்கள் ரசீதுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை உற்றுப் பார்ப்பார்கள். "என்ன சார், வியாபாரம் இப்படி இறங்கிப் போச்சா?" என்று ஒருவர் நிஜமாகவே துக்கம் விசாரித்தார். இன்னொருவர் பொட்டைப் பார்த்துவிட்டு ஏதோ யந்திரத் தகடு என்று எண்ணிக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் யாரையும் திருத்துவதில்லை. இந்தத் தாளோடு நான் போட்ட சண்டையை விளக்க ஆரம்பித்தால் அவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார்கள்.

தென்னூரில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். கிணறு, போர், குழாய், கேன் என்று எங்கிருந்து தண்ணீர் வந்தாலும் அதில் என்ன கரைந்திருக்கிறது என்று அளந்து சொல்வது எங்கள் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடை அளக்கும் மேஜை அக்காவினுடையது. ஆய்வகத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கொண்டையில் துளசியோடு, கையில் தண்ணீர்க் கூஜாவோடு வந்து இறங்குவார். தம் வீட்டுத் தண்ணீரைத் தவிர வேறெங்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டார். நாள் முழுவதும் பிறர் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கிற ஒருவர் இப்படி இருப்பது எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. ஒருமுறை அவருடைய கூஜா சாய்ந்து கொட்டிவிட்டது. அன்று மாலை வரை நாக்கு உலர உட்கார்ந்திருந்தாரே தவிர, என் பாட்டிலைத் தொடவில்லை. நான் பொன்மலை ரயில்வே காலனிக்காரன், தாகம் எடுத்தால் எந்தக் குழாயிலும் வாயை வைக்கிறவன். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் தொண்டை வறண்டது.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தால் அது அந்தச் சிவப்பை வெளுக்க வைக்கும். நிறைய இருந்தால் நிறைய வெளுக்கும். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை மெஷின் ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. எனவே முதலில் நாமே அளந்து ஃபுளோரைடு போட்டு ஆறு குடுவைகள் தயாரிக்க வேண்டும். அவற்றை ஸ்டாண்டர்டு என்போம். அவற்றின் நிறத்தை அளந்து, ஆறு புள்ளிகளாகத் தாளில் வைத்து, நடுவே கோடு போட வேண்டும். பிறகு ஊர்பேர் தெரியாத தண்ணீரின் நிறத்தை அளந்து, அந்த உயரத்தில் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து நேர்கீழே இறங்கினால் அதன் ஃபுளோரைடு அளவு கிடைத்துவிடும். இதில் ஒரே ஒரு நிபந்தனை. கோட்டை அன்றன்றைக்குப் போட வேண்டும். ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் சாயம் கொஞ்சம் அடர்த்தியாகவோ நீர்த்தோ அமையும். திருச்சி வெயிலில் அதன் குணமே மாறும். மெஷினுக்குள் இருக்கும் விளக்குக்கும் வயதாகும். நேற்றைய கோட்டில் இன்றைய தண்ணீரைப் படிப்பது, போன வருஷத்துப் பஞ்சாங்கத்தில் இந்த வருஷத்து முகூர்த்தம் பார்ப்பது போல. இந்த உதாரணத்தை அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். பலிக்கவில்லை.

ஏனென்றால் அக்காவிடம் ஆடிக் கோடு இருந்தது. ஓர் ஆடிப் பெருக்கன்று விடியற்காலையில் அம்மா மண்டபத்தில் காவிரிக்கு மஞ்சளும் பூவும் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு வந்திருக்கிறார். அன்று ஆறு ஸ்டாண்டர்டும் போட்டு அளந்தபோது ஆறு புள்ளிகளும் அடிக்கோலால் வைத்தது போல ஒரே கோட்டில் விழுந்தன. அப்படி விழுவது அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். வழக்கமாக ஒரு புள்ளி மேலே துள்ளும், ஒன்று கீழே நழுவும். அக்கா பரவசமாகிவிட்டார். கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் தாளின் தலையில் ஒரு பொட்டு வைத்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. அன்றிலிருந்து வருகிற எல்லாத் தண்ணீரையும் அந்தக் கோட்டிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதில் என்னை வெறுப்பேற்றியது எது தெரியுமா? அவர் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்தால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும். அவர் தினமும் காலையில் ஆறு ஸ்டாண்டர்டும் தயாரிப்பார். அதுவும் எப்படி! பிப்பெட்டில் அவர் கை நிற்கிற நிலைக்கு நான் இன்றுவரை வரவில்லை. சொட்டு பிசகாது. தயாரித்து, அளந்து, புள்ளி வைத்துப் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம், இன்னிக்கு நாலாவது சித்த தள்ளி நிக்கறது" என்று அந்தத் தாளை அப்படியே மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஆடிக் கோட்டுக்குப் போய்விடுவார். சமைத்து முடித்துச் சாப்பாட்டைத் தெருவில் கொட்டிவிட்டு, போன மாதம் சாப்பிட்ட கல்யாண விருந்தை நினைத்து ஏப்பம் விடுகிற கதைதான்.

"அக்கா, இன்னைக்கு சாயம் வேற. இன்னைக்குக் கோடுதாங்க இன்னைக்குத் தண்ணிக்கு" என்பேன்.

"ஏம்ப்பா, படி தினமும் மாறுமோ? அரிசி மாறும், அளக்கற படி மாறுமோ? நீ சொல்றாப்ல தினம் ஒரு கோடு போட்டா அதுக்குப் பேர் அளவா?"

இந்தப் படி வாதத்தை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. கேட்கிறவர்கள் எல்லாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஏனென்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் படி மரத்தால் செய்ததில்லை, சாயத்தால் செய்தது, அது தினமும் சுருங்கி விரிகிற படி என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முதலாளிக்கோ மாலைக்குள் ரிசல்ட் போனால் போதும். எந்தக் கோட்டில் போனது என்று அவர் கேட்டதே இல்லை. அவர் கண்ணுக்கு அக்கா பல வருஷ அனுபவம், நான் புதுசாக வந்து வாயாடுகிற ஆள். ஆடியில் போட்ட கோடு ஐப்பசி தாண்டி, மார்கழி தாண்டி, மாசி வரை வந்தது.

பங்குனியில் ஒருநாள் மதியம் ஒரு தலைமையாசிரியை வந்தார். வையம்பட்டிக்கு அந்தப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கியும் நடக்க வேண்டிய ஓர் ஊர்ப் பள்ளிக்கூடம். வெயிலில் முகம் கறுத்து, கையில் பழைய குளிர்பானப் பாட்டிலில் தண்ணீரோடு நின்றார். அவருடைய பள்ளித் தண்ணீரை நாங்கள் ஏற்கெனவே மாசியில் பார்த்து, ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது, நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்திருந்தோம்.

"நல்ல தீர்த்தம்னுதானே ரிப்போர்ட் வந்திருக்கு, டீச்சர்?" என்றார் அக்கா.

"வந்திருக்குங்க மேடம். பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கோடு கோடா இருக்குன்னுட்டு நான் பம்பைப் பூட்டித்தான் வெச்சிருந்தேன். அதுவரைக்கும் பெரிய பிள்ளைங்க பக்கத்து ஊர் டேங்க்ல போயி தூக்கிட்டு வந்துச்சுங்க. உங்க ரிப்போர்ட் வந்ததும் பூட்டைத் திறந்து விட்டுட்டேன். தண்ணி நல்லதுதான், பயப்படாம குடிங்கன்னு பெத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குதுங்க. இன்னொரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க."

பாட்டிலை வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று அவசரமாகக் கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் அக்கா வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று காலையிலேயே புதுச் சாயம் கரைத்திருந்தது. மாசியில் கரைத்த அதே பொட்டலத்துச் சாயம்தான். பார்வைக்கே வழக்கத்தைவிட அடர்த்தியாக, பீட்ரூட் சாறு போல இருந்தது. அந்தப் பொட்டலம் பிரித்ததிலிருந்தே நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சாயம் அடர்த்தியாக இருந்தால் வெளுத்த பிறகும் நிறம் மிஞ்சும். பழைய கோட்டில் படித்தால், வெளுக்கவே இல்லை, ஃபுளோரைடு குறைவு என்று காட்டும். கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். அக்கா மெஷினைப் பார்த்தார், கண்ணாடிக்கு அடியில் இருந்த கோட்டில் விரலை வைத்தார், கீழே இறங்கினார். "ஒண்ணுக்கு சித்த கம்மி. போன தடவை வந்தாப்லயேதான். நல்ல தீர்த்தம்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்த டீச்சர் வெயிலில் ஒரு பாட்டிலைச் சுமந்துகொண்டு வந்து நின்ற கோலம் கண்ணிலேயே இருந்தது. மேஜையில் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, குடுவைகள் கிணுகிணுத்தன.

"அக்கா, இன்னைக்கு நீங்க போட்ட ஸ்டாண்டர்டுல கடைசி குடுவையில எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணு புள்ளி நாலு."

"நிச்சயமா?"

"என் கையால போட்டது. சொட்டு தப்பாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க. இப்ப அதை ஊர் பேர் தெரியாத தண்ணின்னு நினைச்சுக்குங்க. மெஷின்ல வெச்சு, உங்க ஆடிக் கோட்டுலயே படிச்சு எவ்வளவுன்னு சொல்லுங்க."

எதற்கு இந்த விளையாட்டு என்று சலித்துக்கொண்டேதான் எடுத்தார். மெஷினில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். ஆடிக் கோட்டில் விரல் வைத்துக் கீழே இறங்கினார். முக்காலுக்குச் சற்று மேலே போய் விரல் நின்றது. மறுபடி வைத்தார். அதே இடம். கண்ணாடிக் குப்பியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே இடம்தான். ஒன்று அவர் கை பொய், இல்லையென்றால் அவர் கோடு பொய். அவருக்கு அந்தக் கையின் மேல் இருந்த நம்பிக்கை எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "நீ சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தது வீண். எழுந்து போய்க் காலையில் குப்பையில் போட்ட தாளைப் பொறுக்கி எடுத்து, மடிப்பை நீவி, என் முன்னால் விரித்தார்.

பள்ளித் தண்ணீரின் நிறம் அன்றைய கோட்டின் கடைசிப் புள்ளியையும் தாண்டி வெளுத்திருந்தது. புள்ளி இல்லாத இடத்தில் கோட்டை நீட்டிப் படிக்கக்கூடாது. எனவே அக்கா அந்தத் தண்ணீரில் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தார், அளந்தார், அன்றைய கோட்டில் படித்தார், வந்த அளவை இரண்டால் பெருக்கினார். குடிக்கிற தண்ணீருக்கு எல்லையான ஒன்றரையைத் தாண்டி நின்றது. நான் உடனே டீச்சருக்கு போன் போட்டு, பம்பைப் பூட்டச் சொன்னேன். "ஏங்க?" என்றார். நாளைக்கு நேரில் வந்து சொல்கிறோம் என்று அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிச் சொல்லிவிட்டு வைத்தார். நேரில் போவது எங்கள் வழக்கமே இல்லை. ரிப்போர்ட்டை அனுப்பினால் போதும் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். அக்கா காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலோரம், மடியில் கூஜா. மணப்பாறையில் முறுக்குப் பொட்டலத்தோடு ஏறியவர்கள் காதருகே கத்தினார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. எத்தனை மாதமாகச் சொன்னேன், இப்போது மௌன விரதம் இருந்தால் ஆயிற்றா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே போனேன். இறங்கிக் கருவேலங்காட்டு வழியாக நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனபோது உச்சி வெயில். பம்பில் பூட்டுத் தொங்கியது.

தலைமையாசிரியை நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை. "டீச்சர், தப்பு எங்களோடது. நாங்க பழைய கணக்கை வெச்சுண்டு பார்த்துட்டோம். இந்தத் தண்ணி குடிக்கறதுக்கு ஆகாது. மாசியிலயும் ஆகாமத்தான் இருந்திருக்கு" என்று நின்றபடியே சொல்லி, புது ரிப்போர்ட்டை நீட்டினார். நான் சுற்றி வளைத்து ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை மழுப்பவில்லை.

டீச்சர் தாளை வாங்கினார், படிக்கவில்லை. வகுப்பறைப் பக்கம் பார்த்தார். உள்ளே சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். "அப்ப இத்தனை நாளா எங்க பிள்ளைங்க குடிச்சதுங்க, மேடம்?" என்றார். திட்டுகிற குரலே இல்லை அது. பதில் இருக்கும் என்று நம்பிக் கேட்கிற குரல். ஒரு மாதத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, பல் கறை வருஷக் கணக்கில் குடிப்பதால் வருவது என்று நான் ஏதோ பாடம் ஒப்பித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் பூட்டி வைத்திருந்ததைத் திறக்கச் சொன்னது எங்கள் தாள்.

தாழ்வாரத்தில் ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது. நேற்று பம்பைப் பூட்டுவதற்கு முன் பிடித்தது, இனிமேல்தான் கொட்ட வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அக்கா கூஜாவை என் கையில் கொடுத்தார். குடத்தின் மேல் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து, நிறைய மொண்டு, நான் என்ன என்று கேட்பதற்குள் தூக்கிக் குடித்துவிட்டார். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். "மேடம், அது அந்தத் தண்ணிங்க!" என்று டீச்சர் பதறினார். "தெரியும், டீச்சர்" என்று அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். தம் வீட்டுத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதவர். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திரும்புகிற பஸ்ஸில் பொரிந்து தள்ளிவிட்டேன். "என்னக்கா இது? நீங்க ஒரு டம்ளர் குடிச்சா அந்தப் பிள்ளைங்க குடிச்சது இல்லைன்னு ஆயிடுமா? இதனால யாருக்கு என்னங்க பிரயோஜனம்?"

"ஒரு பிரயோஜனமும் இல்லை" என்றார் அக்கா. "பிரயோஜனம்னு நான் சொன்னேனா? குழந்தேள் ஒரு மாசம் குடிச்சிருக்கா. நான் ஒரு வாய் குடிக்கப்படாதா?"

இப்படிப்பட்ட மனுஷியோடு எப்படிச் சண்டை போடுவது? முக்கொம்புப் பக்கமிருந்து காற்று வரும் என்று ஜன்னலைத் திறந்தேன், புழுதிதான் வந்தது. திருச்சியில் இறங்குகிற வரை அவர் கூஜாவைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு, அந்தச் சாயப் பொட்டலம் பிரித்த மாசியிலிருந்து பார்த்த எல்லாச் சாம்பிளையும் மறுபடி வாங்கிச் சோதித்தோம். அக்கா திருந்திவிட்டார் என்று சொல்லத்தான் ஆசை. தினமும் புதுக் கோடு போட்டார், அன்றைய தண்ணீரை அன்றைய கோட்டிலேயே படித்தார், அதெல்லாம் சரி. ஆனால் தினமும் அந்தப் புதுக் கோட்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்! அதுவும் சில நாள் புள்ளியின் மேலேயே. நாலாவது புள்ளி எங்கே என்று நான் குங்குமத்தைச் சுரண்டித் தேட வேண்டியிருக்கும். "ஏன்க்கா, இது கோணல் கோடுதானே, இதுக்கு எதுக்குப் பொட்டு?" என்றால், "கோணலானாலும் இன்னிக்கோடது" என்பார். நான் சொன்னது சரி என்று ஓய்வு பெறும் நாள் வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆடிக் கோட்டையும் எடுத்தெறியவில்லை. அந்த மேஜை எனக்கு வந்தபோது அதுவும் சேர்ந்தே வந்தது. எப்போதாவது ஸ்ரீரங்கத்தில் அவரைப் பார்க்கப் போனால், வாசலிலேயே கேட்பது, "இன்னிக்குக் கோடு போட்டாச்சா?"

இப்போது கிராஃப் தாள் இல்லை, கம்ப்யூட்டரே கோடு போடுகிறது. புள்ளிகளைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வளைத்து, ஒடித்து, பொருத்தி, தண்ணீரின் அளவையும் அதுவே சொல்லிவிடுகிறது. அப்பாடா, இந்தத் தலைவலி ஒழிந்தது என்று நினைத்தேன். ஒழியவில்லை. காலையில் திறந்ததும் ஒரு கட்டம் வந்து கேட்கிறது: முந்தைய கோட்டையே பயன்படுத்தவா? ஆம், இல்லை. யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் வீட்டிலும் ஓர் ஆடிக் கோடு இருந்திருக்கும். போன வாரம், எங்களிடம் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி யோசிக்காமல் 'ஆம்' பக்கம் கையைக் கொண்டுபோனாள். நான் நாற்காலியிலிருந்து கத்திய கத்தலில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இல்ல சார், நேத்து கோடு சூப்பரா வந்துச்சு. இன்னைக்குப் போட்டா நாலாவது புள்ளி எங்க தள்ளி நிக்குமோ. ஒருநாள்தானே சார்?"

எதற்கு என்றே தெரியாமல் அந்த டீச்சரின் கேள்வி வாயில் வந்தது: "அப்ப எங்க பிள்ளைங்க குடிச்சது?"

"எந்தப் பிள்ளைங்க சார்?" என்று விழித்தாள்.

"எனக்கெப்படித் தெரியும்? கையில இருக்கற பாட்டிலைப் பாரும்மா."

அவள் பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஏதோ ஓர் ஊரின் அங்கன்வாடி. பிறகு 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு, ஆறு குடுவைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். நான் மேஜையில் கை ஊன்றி உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அடியில் ஆடிக் கோடு எப்போதும் போல அழகாக, ஆறு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு கிடந்தது.